படத்துக்கென்று கொண்டுபோன அட்டை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, கையில் இருக்கிற வேலையைக் கீழே வைக்க வேண்டாம், வெங்காயம் உரிக்கிறவள் உரித்துக்கொண்டே கேட்கலாம், ஒரு கதை சொல்கிறேன், பெரிய சண்டை சமாதானமெல்லாம் இதில் கிடையாது, அசையாமல் படுத்திருந்த ஒருத்தியின் தலைக்குள் ஓடியது மட்டும்தான்... மெட்டி கழலவில்லை, அதில்தான் தொடங்குகிறது, இடது காலில் வந்துவிட்டது, வலது காலில் விரல் கணுவில் போய்ச் சிக்கிக்கொண்டது, கோகிலவாணி சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஸ்கேன் பிரிவில் பெஞ்சில் உட்கார்ந்து தன் கால்விரலை வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள், பதினாறு வருஷம் ஆகிறது அது ஏறி, புருஷன் தங்கதுரை குந்தி உட்கார்ந்து சோப்பைத் தடவித் திருகினான், வலிக்குதா என்று கேட்டான், வலிக்கிறதா... வலிக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு இப்போதெல்லாம் பெரிய தூரம் இல்லை, "இல்ல, திருகுங்க" என்றாள். உள்ளே இருக்கும் மிஷின் காந்தமாம், இரும்பு, வெள்ளி, தங்கம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம், தாலிச் செயினைக் காலையிலேயே கழற்றி வாங்கிக்கொண்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கொம்பைக் கோத்துக் கட்டிவிட்டாள் மாமியார் ராஜாம்பாள், மிச்சக் கயிற்றையும் மடித்து மகன் சட்டைப் பையில் போட்டாள், அறுந்துபோனால் ஆகாது பாருங்கள். மெட்டி கடைசியில் வந்தது, தோலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தது, தங்கதுரை அதைக் கழுவித் துடைத்துக் கைக்குட்டையில் முடிந்தான், பெஞ்சின் மேல் வைத்திருந்த பரீட்சை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மகள் இலக்கியாவின் அட்டை அது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, மேலே கிளிப்பும் மூலையில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கரும் உண்டு, ஸ்கேன் படம் பெரிதாக இருக்கும், பஸ்ஸில் மடங்கிப்போகும், அட்டையில் வைத்துக் கொண்டுவந்தால் மடங்காது என்று அவனே யோசித்து எடுத்துவந்தது, கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து சின்னசேலம், ஆத்தூர் என்று பஸ் மாறி மாறி வந்த வழியெல்லாம் அதை அவன் கீழே வைக்கவே இல்லை.

படம் வர வேண்டும், அவ்வளவுதான் காரியம். ராஜாம்பாள் வாசலில் நின்று சொல்லித்தான் அனுப்பினாள், "சோறு துன்ற, தூங்கற, கையி காலு நல்லாத்தான் இருக்குது, அப்புறம் இன்னாத்துக்குடி மாத்திர? மண்டைய படம் புடிக்கறாங்க இல்ல, புடிச்சிக்கினு வா, அதுல நோவுன்னு இருந்தா நான் வாய மூடிக்கிறேன், இல்லன்னா அந்த மாத்திரைய வாய்க்கால்ல கொட்டிட்டு நாளைக்கே கள எடுக்க வந்துடணும், ஆமா." தங்கதுரை செரிம்மா என்றான், அவன் இப்போது யாரிடமும் எதிர்த்துப் பேசுவதில்லை. செரி என்றால் செரிதான், படத்தில் இல்லையென்றால் மாத்திரை இல்லை... பத்து வாரமாகச் சாப்பிடுகிறாள், என்ன மாறியது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது, போன செவ்வாய்க்கிழமை புளிக்குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று நாக்குக்குத் தெரிந்தது, தெரிந்து, அடடா என்று தோன்றியது. இரண்டு வருஷத்தில் அடடா என்று எதற்கும் தோன்றியதில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது, உப்பு ஜாஸ்தியானதற்குச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா, சொல்லவில்லை, ஆனால் அந்த உப்பை அவள் விட்டுவிடத் தயாராக இல்லை, அது மட்டும் உறுதியாக இருந்தது, வயிற்றுக்குள் ஒரு சின்னக் கல்போல.

அருள்மொழி என்கிற பெண்தான் உள்ளே அழைத்துப் போனது, மருத்துவ ஆராய்ச்சி செய்கிற பெண், டாக்டர் கேட்டு இவள் ஒப்புக்கொண்ட இந்த ஸ்கேன் அதன் ஆராய்ச்சிக்குத்தான், கண்ணாடி போட்டுக்கொண்டு, எதைச் சொன்னாலும் அக்கா என்று முடிக்கும். படுத்தாயிற்று, காதில் பஞ்சு, அதன்மேல் ஹெட்போன், முகத்துக்கு மேல் ஒரு கூண்டு, கூண்டில் ஒரு குட்டிக் கண்ணாடி, அதில் தலைக்குப் பின்னால் இருக்கும் திரை தெரிந்தது, இரண்டு கைக்கும் இரண்டு பட்டன், பலகை நகர்ந்து அவளை உள்ளே கொண்டுபோனது, அடுப்புக்குள் விறகைத் தள்ளுவது மாதிரி, பயமா... இல்லை, பயம் வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது, வரவில்லை, அவ்வளவுதான். "அக்கா, மூஞ்சி மூஞ்சியா வரும், சிரிக்கற மூஞ்சின்னா வலது கை, சோகமா இருந்தா இடது கை, யோசிக்காதீங்க, தோணினதும் அமுக்குங்க" என்றது காதுக்குள் குரல், உடனே சத்தம் தொடங்கியது, டக் டக் டக் டக் என்று, நடுநடுவே கீ என்று இழுத்தபடி, போர்வெல் போடுகிற வண்டியின் சத்தம், அதே சத்தம்தான், கொல்லையில் வந்து நின்று இரண்டு நாள் அடித்ததே, அதேதான்... முகம் வந்தது, ஒரு பெண், அழப்போகிற வாய், இடது. ஒரு பையன், பல் தெரிகிறது, வலது. கிழவர் ஒருவர், இடது, இன்னொருத்தி, இடது, அடுத்தது சிரிப்பு, சிரிப்புதானா, சிரிப்புதான், வலது, ஆனால் கை தாமதமாகப் போகிறது என்று அவளுக்கே தெரிந்தது, சோகத்துக்கு விரல் தானாக ஓடுகிறது, சிரிப்புக்கு மட்டும் மதகைத் திறந்த பிறகு கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதுபோல நேரம் ஆகிறது. போட்டோக்காரனும் இதைத்தான் சொன்னான், இலக்கியாவின் மஞ்சள் நீராட்டில், அம்மா சிரிங்க, அம்மா இன்னும் கொஞ்சம் சிரிங்க, சிரித்தாள் என்றுதான் அவள் நினைத்தாள், ஆல்பம் வந்தபோது பார்த்தால் ஒன்பது பக்கத்திலும் ரேஷன் கார்டில் இருக்கிற முகம், ராஜாம்பாள் அந்த ஆல்பத்தை வந்தவர் போனவருக்கெல்லாம் விரித்துக் காட்டினாள், "பாரு, பெத்த பொண்ணு சடங்குல கூட மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு நிக்கறத, இன்னா திமிரு பாரு." இலக்கியா ஆல்பத்தை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டது, அந்தப் பிள்ளையின் முகம் அப்போது எப்படி இருந்தது, இடதா வலதா... கோகிலவாணிக்கு ஞாபகம் இல்லை, பார்க்கவில்லை போலிருக்கிறது, ஒரு தாய் பார்க்காமலா இருப்பாள், இருந்தாளே.

"சூப்பர்க்கா, இப்ப ஏழு நிமிஷம் சும்மா இருக்கணும், திரையில ஒரு கூட்டல் குறி வரும், அதப் பாத்துக்கிட்டே இருங்க, தூங்கிடாதீங்க, எதையும் தனியா நினைக்க வேணாம், தானா வர்றது வரட்டும்." சும்மா இருப்பது... அது அவளுக்குத் தெரியாத வேலையா, இரண்டு வருஷமாக ஊரே அதைத்தான் சொல்கிறது, சும்மா இருக்கிறாள் என்று. நடவு நாளில் நாற்று முடியைக் கையில் பிடித்தபடி சேற்றில் நின்றாளே, பக்கத்து வரிசையெல்லாம் நட்டுக்கொண்டே பின்னால் போய்விட்டது, இவள் மட்டும் நின்றாள், கல்வராயன் மலைமேல் மேகம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தாள் என்றும் சொல்ல முடியாது, கண் அங்கே இருந்தது, அவ்வளவுதான், உள்ளே என்ன ஓடியது, உள்ளேதான் ஓடிக்கொண்டே இருந்தது, நீ ஏன் இப்படி, நீ எதற்கு, உன்னால் யாருக்கு என்ன, நீ ஏன் இப்படி என்று, செக்கு மாதிரி, நிற்கவே நிற்காமல், வெளியே பார்த்தவர்களுக்கு அவள் சும்மா நின்றாள். எப்பலேருந்து இப்படி, எல்லாரும் கேட்பது இதுதான், டாக்டரும் கேட்டார், மாமியாரும் கேட்டாள், இன்ன தேதி இன்ன கிழமை என்று சொன்னால் ஒரு சாவு, ஒரு சண்டை, ஒரு பயம், ஏதாவது காரணம் வைத்துக்கொள்ளலாம், அவளிடம் தேதி இல்லை. கூட்டல் குறி வெள்ளையாக நின்றது, டக் டக் டக்... போர் வண்டி வந்தது சித்திரையில், கிணறு வற்றிப்போய், கோமுகி வாய்க்காலிலும் தண்ணீர் இல்லாத வருஷம், இரவும் பகலும் அடித்தது, வெறும் புகைபோல மண்தான் வந்தது, வெள்ளைத் தூள், தங்கதுரை குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், தூள் அவன்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது, எழுந்து வரவில்லை, வண்டிக்காரன் தண்ணீர் இல்லையென்று துளைக்கிற ராடை உருவத் தொடங்கியபோது தங்கதுரை திரும்பி இவளைப் பார்த்தான், தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை, நூறு வயசுக் கிழவன்போல, பல் தெரிந்தது, "பவுடர் போட்டுக்கினு ஒக்காந்துட்டான்யா மாப்பிள்ள" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான் என்றுதான் ஊரில் பேச்சு. அந்த முகம் இப்போது கூட்டல் குறி இருக்கும் இடத்தில் வந்து நின்றது, பட்டன் கையில்தான் இருக்கிறது, எதை அமுக்குவது... வலது, பல் தெரிந்ததே, வலதுதான், ஆனால் கை எதற்குமே போகவில்லை. அதற்கப்புறம் அவன் மோட்டார் கொட்டாயில் படுக்கப் போய்விட்டான், வற்றின கிணற்றில் கொஞ்சம் ஊறுகிறது, ராத்திரியில்தான் மும்முனை கரண்ட் வருகிறது, எழுந்து போட வேண்டும் என்றான், ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, மழை வந்து வாய்க்கால் நிறைந்த பிறகும் அங்கேதான் படுக்கிறான், என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறான், யாருக்குத்தான் பிடிக்கும், என்று அவள் நினைத்துக்கொண்டாள், நினைத்துக் கோபப்படவும் இல்லை. பொங்கலுக்கு வேட்டி எடுக்கவில்லை, ஏங்க எடுக்கல என்றால் இருக்கறதே போதும் என்றான், அதுவும் என்னால்தான், செக்கு சுற்றிவந்து மறுபடி அங்கேயே நின்றது, எல்லாம் என்னால்தான்... "முடிஞ்சிதுக்கா" என்றது குரல்.

வெளியே வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இருக்குதாம்மா?" அருள்மொழிக்குப் புரியவில்லை. "படத்துலம்மா. நோவு தெரியுதா?" அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது, பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தது, இவ்வளவு நிதானமாக உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை என்று கோகிலவாணிக்குத் தெரியும். "மூளை சும்மா இருக்கறப்பவும் சும்மா இருக்காதுக்கா, நம்மளப் பத்தி நாமளே நினைக்கறப்ப வேலை செய்யற இடங்கள் சிலது இருக்கு, மனச்சோர்வு இருக்கறவங்கள்ல அதுங்க ஓடற விதம் கொஞ்சம் மாறியிருக்குன்னு பாத்திருக்காங்க, சிரிக்கற மூஞ்சி, அழற மூஞ்சி பாக்கறப்பவும் அப்படித்தான், ஆனா ஒருத்தர் படத்த மட்டும் வெச்சி இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாதுக்கா, நோவு இருக்கற அறுபது பேர் படம், நல்லா இருக்கற அறுபது பேர் படம், ரெண்டையும் சேத்து வெச்சிப் பாத்தாதான் ஒரு வித்தியாசம் தெரியும், அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. படத்துல தனியாத் தெரியலங்கறதால நோவு இல்லன்னு ஆகாது, உங்க டாக்டர் உங்க கிட்ட பேசித்தானே கண்டுபிடிச்சாரு, அதுதான்க்கா சரி." அப்ப படம்... "கையில தர மாட்டோம்க்கா, ஆஸ்பத்திரியில வழக்கமா குடுக்கற ரிப்போர்ட் மாதிரி இல்ல இது, ஆராய்ச்சிக்கு மட்டும்தான்." அறுபது பேரோடு சேர்ந்தால்தான் தெரியுமாம், தனியாக இருந்தால் தெரியாதாம், ராஜாம்பாளிடம் இதை எப்படிச் சொல்வது, அறுபது பேரையும் வாசலில் கொண்டுபோய் நிறுத்தவா முடியும்... தங்கதுரை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டான், கையில் அந்த அட்டை, அதன் கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். மாத்திரை போச்சு, என்று அவள் நினைத்தாள், நாலு நாளைக்கு இருக்கிறது, அதற்கப்புறம் உப்பும் போச்சு.

அப்போதுதான் அருள்மொழி அவனைப் பார்த்தது. "அண்ணா, உங்க வயசு என்ன? நல்லா இருக்கறவங்க கிடைக்கறதுதான் எங்களுக்குக் கஷ்டம், அதே ஊரு, அதே வயசு, அதே மாதிரி வேலைன்னா ரொம்ப நல்லது, மிஷின் இன்னும் ஒரு மணி நேரம் ஃப்ரீதான், வர்றீங்களா?" தங்கதுரை சிரித்தான். "என் மண்டையிலயா? உள்ள பூந்து பாத்தா வைக்கோலுதான் இருக்கும், பரவால்லியா?" "வைக்கோல் படமும் வேணும்ண்ணா." "அப்ப எடுத்துக்கோங்க" என்று உற்சாகமாகவே பாத்ரூமுக்குப் போனான், அரைஞாண் வெள்ளி, அதையும் கழற்ற வேண்டும், கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்து இவள் கையில் கொடுத்தான், "அம்மா குடுத்த மஞ்சக் கயிறு மிச்சம் இருந்துச்சி, இடுப்புல கட்டிக்கினேன், சொல்லிடாத, மானம் போயிடும்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. மெட்டி இருந்த கைக்குட்டையையும் அட்டையையும் அவள் மடியிலேயே வைத்துவிட்டு அந்தப் பெண் பின்னால் போனான், முதல்ல சில கேள்விதாண்ணா, ரெண்டு வாரமா தூக்கம் எப்படி, பசி எப்படி, எதுலயாவது இஷ்டம் இருக்கா, அதெல்லாம், பத்து நிமிஷம், என்று அது சொல்லிக்கொண்டே போனது, கதவு சாத்திக்கொண்டது.

அரைஞாண் இன்னும் சூடாக இருந்தது, அவன் உடம்புச் சூடு, ஒரு வருஷத்துக்கு மேல் அவள் தொடாத சூடு, அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பத்து நிமிஷம் ஆனது, பதினைந்து ஆனது, கேள்வி இவ்வளவு நேரமா, இவளுக்கு நேரம் ஆனது, இவள் ஒவ்வொன்றுக்கும் பதில் தேடினாள், அவனுக்கு என்ன, தூக்கம் நல்லா வரும், பசி நல்லா எடுக்கும், என்று சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே... அவனுக்குத் தூக்கம் வருகிறதா, அவளுக்கு எப்படித் தெரியும், அவன் மோட்டார் கொட்டாயில் அல்லவா இருக்கிறான். இருபத்தைந்து நிமிஷம். எதிர்க் கதவு திறந்தே கிடந்தது, மிஷின் ரூம், பலகை வெளியே நீட்டியபடி காலியாக இருந்தது, ஒருத்தி அதன்மேல் புது விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கதுரை வந்தான், சட்டையெல்லாம் போட்டபடி, போன மாதிரியே, ஆனால் நடை மட்டும் சேற்றில் நடப்பதுபோல, அருள்மொழி பின்னாலேயே வந்து, அண்ணா மறக்காம வாங்க என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. "இன்னாங்க, எடுக்கலியா?" "மிஷின்ல வேற ஆளு இருக்காராம், அப்புறமா கூப்புடுவாங்களாம்" என்றான் தங்கதுரை, காலியான பலகைக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு. அவள் சரி என்றாள், நெருங்கி நின்றபோது சட்டைப் பையில் மடித்து வைத்த சீட்டு ஒன்று எட்டிப் பார்த்தது, ரோஸ் கலர், அந்தக் கலரை அவளுக்குத் தெரியும், மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்கு முதல்முதலாகக் கொடுத்ததும் அதே கலர்தான், மனநல டாக்டர் உட்காருகிற பதினோராம் நம்பர் ரூமுக்கு, அந்த ரூமுக்கு மட்டும்தான் அந்தக் கலர்.

மருந்துக் கடைப் பக்கம் அவன்தான் முதலில் திரும்பினான். "மாத்திர எத்தினி நாளைக்கி இருக்குது?" "நாலு." "வாங்கிக்கினே போயிடலாம்." "அத்தை கேப்பாங்களே, படம் எங்கன்னு." அவன் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தான். "அறுபது பேரு சேரணும்னு சொல்லிச்சி இல்ல அந்தப் பொண்ணு, அத்தயே சொல்லு, இன்னும் ஆளு சேரலன்னு சொல்லு. அம்மாவ நான் பாத்துக்கறேன்." மாத்திரை வந்தது, அதோடு அவளுடைய பழைய ரோஸ் சீட்டில் ஒரு சீல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள், அவள் அதை அட்டையில் வைத்துக் கிளிப்பைப் போட்டாள், பெரிய படத்துக்கென்று வந்த அட்டையில் உள்ளங்கை அகலச் சீட்டு.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவன் உட்கார்ந்தான், போகும்போது வலது பக்கம் கூடவே வந்த மலை இப்போது இடது பக்கம் வந்தது, வாழப்பாடி, ஆத்தூர் என்று ஊர் மாறிக்கொண்டிருக்க மலை மட்டும் மாறாமல், அவன் அதைப் பார்த்தான், பார்த்தான் என்று சொல்ல முடியுமா, கண் அங்கே இருந்தது... கண் அங்கே இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். அரைஞாண் இன்னும் அவள் முந்தானை முடிச்சில்தான் இருந்தது, அவன் திருப்பிக் கேட்கவில்லை. சட்டை வியர்வையில் ஒட்டி, பையில் இருந்த சீட்டின் ஓரம் நனைந்து கறுத்திருந்தது, மருந்துக் கடையிலிருந்து அவள் அதை எத்தனை முறை பார்த்திருப்பாள், அழுகை வருகிறதா என்று தேடிப் பார்த்தாள், இல்லை, கோபம், இல்லை, ஒன்றும் வரவில்லை, ஆனால் கை போனது, போய் அந்தச் சீட்டை இரண்டு விரலால் உருவியது. "நனைஞ்சிடும்" என்றாள். அவன் திரும்பவில்லை, தடுக்கவும் இல்லை. மடிப்பைப் பிரிக்காமலே அதைத் தன் சீட்டுக்கு அடியில் வைத்து அட்டையை மடியில் போட்டுக்கொண்டாள், எப்பலேருந்துங்க என்று கேட்கலாம், வாய் வரைக்கும் வந்துவிட்டது, இந்தக் கேள்வியை அவளைத் தவிர வேறு யார் இவனிடம் கேட்கப்போகிறார்கள், ஆனால் இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்... கேட்கவில்லை, சின்னசேலம் தாண்டட்டும் என்று வைத்துக்கொண்டாள், தாண்டினால் கேட்பாளா என்றும் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது, வெயிலும் ரோட்டுப் புழுதியும் பட்டு வெள்ளையாக, தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக, பல் தெரிந்ததே, எல்லாரும் சிரித்தார்களே, நானும் பக்கத்தில்தானே நின்றேன்... மடியில் இருந்த அட்டையின் கிளிப்பின்மேல் அவள் கை இருந்தது, இடது கை, சோக மூஞ்சிக்கென்று அந்தப் பெண் சொன்ன கை, கட்டைவிரல் தாமதிக்காமல் ஒரு தடவை அமுக்கியது.

நீங்களும் எழுந்திருங்கள் கண்ணுகளா, விளக்கு வைக்கிற நேரம் ஆகிறது, அடுப்பைப் பாருங்கள், உங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு எப்படி விழுந்தாலும் அது உங்கள் நாக்குக்குத் தெரியட்டும், உங்கள் வீட்டில் சுருண்டு படுத்திருக்கிற பிள்ளைக்கும், சிரித்துப் பேசிக்கொண்டு நடமாடுகிற பிள்ளைக்கும் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் குறையாமல் இருக்கட்டும், போய் நல்லா இருங்கள்.